பச்சோலி எண்ணெய்: காசு கொடுத்து வாங்கிய பழைய அலமாரி வாடை?

கேள்வி, 4 மார்ச் 2023, காலை 9.12 (கோலாலம்பூர் வாசகர்)

வீட்டில் அத்தர் மாதிரி ஏதாவது கலந்து பார்க்கலாம் என்று ஆசை. மஸ்ஜித் இந்தியா பக்கம் ஒரு கடையில் பச்சோலி எண்ணெய் 10 மில்லி 38 வெள்ளிக்கு (ரிங்கிட்) வாங்கினேன். மூடியைத் திறந்தால் மழைக்காலத்தில் பூட்டிக் கிடந்த அலமாரி. என் மனைவி "எலி எங்கேயாவது செத்துக் கிடக்கா பாருங்க" என்கிறாள். நிறம் கடுங்காப்பி. இது கலப்படமா? இதைத்தான் விலை உயர்ந்த சென்ட்டுகளில் போடுகிறார்களாம், நம்பலாமா? இது நம்ம பச்சிலைதான் என்று வேறு ஒருவர் சொன்னார்.

4 மார்ச் 2023, இரவு 10.50

கலப்படமா இல்லையா என்று பினாங்கில் உட்கார்ந்துகொண்டு மோந்து சொல்ல முடியாது. ஆனால் நீங்கள் எழுதியதில் எதுவும் கலப்படத்துக்கு அடையாளம் இல்லை. பச்சோலி என்பது ஒரு செடியின் காய்ந்த இலையிலிருந்து வடிக்கிற எண்ணெய், அது அப்படித்தான். ஈரமண், நனைந்த மரம், கொஞ்சம் சூடம், எல்லாவற்றுக்கும் அடியில் மங்கலாக ஒரு இனிப்பு. குப்பி வாயில் மூக்கை வைத்தால் முதலில் முகத்தில் அறைவது அந்தப் பூஞ்சை வாடைதான். பெருங்காய டப்பாவைத் திறந்து மோந்துவிட்டு "எனக்குச் சாம்பாரே வேண்டாம்" என்று எழுந்து போகிற மாதிரி இருக்கிறது உங்கள் கதை.

ஒன்று செய்யுங்கள் தம்பி. ஒரு சொட்டு பச்சோலிக்கு ஒன்பது சொட்டு எத்தனால், அது இல்லையென்றால் வாசனையே இல்லாத ஏதாவது எண்ணெய். கெட்டித்தாளை விரல் அகலத்துக்கு நறுக்கி நுனியை நனைத்து மேசைமேல் வையுங்கள். உடனே மோக்க வேண்டாம். மறுநாள் காலை ஒரு தடவை, மாலை ஒரு தடவை, மூன்றாம் நாள் ஒரு தடவை. தாளில் தேதி எழுதுங்கள். எழுதாமல் விட்டு நான் பட்ட பாடு போதும்.

சமையல் எண்ணெய் கலந்திருக்கிறதா என்று பார்க்க, வெள்ளைத்தாளில் ஒரு சொட்டு விட்டு விடிந்ததும் பாருங்கள். எண்ணெய்க்கறை நின்றால் கலப்படம்.

பெயர் நம்முடையதுதான். பச்சை இலை, பச்சிலை, பச்சோலி. ஆங்கில அகராதிகளே தமிழ் என்று போடுகின்றன.

5 மார்ச் 2023, காலை 6.30

நேற்றுச் சொன்ன தாள் சோதனை தப்பு. ராத்திரி ஒன்றரை மணிக்குத் தண்ணீர் குடிக்க எழுந்தபோது உறைத்தது. எலுமிச்சை, யூகலிப்டஸ் போலப் பறந்து போகிற எண்ணெய்களுக்குத்தான் அது சரி. பச்சோலி பறக்காது, நடந்துகூடப் போகாது. போன மாதம் தைப்பூசத்தன்று தேதி போட்டு வைத்த தாள் மேசை இழுப்பறையில் கிடக்கிறது. இன்றோடு சரியாக நான்கு வாரம். கறையும் இருக்கிறது, வாசனையும் இருக்கிறது. நான் சொன்ன கணக்குப்படி உலகத்தில் உள்ள பச்சோலி எல்லாமே கலப்படம்தான்.

90 விழுக்காட்டு எத்தனாலில்தான் பார்க்க வேண்டும். ஒரு பங்கு எண்ணெய்க்குப் பத்துப் பங்கு எத்தனாலைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டால் தெளிந்து கரைய வேண்டும். தேங்காயெண்ணெயோ பாமாயிலோ இருந்தால் கலங்கி, அப்புறம் அடியில் ஒதுங்கும். மரப்பிசின் எண்ணெய் கலந்தவனை இப்படிப் பிடிக்க முடியாது. நம் நாட்டுக் கெருயிங் மரத்தின் இனத்துப் பிசினிலிருந்து எடுக்கிற எண்ணெய், இந்தியாவில் குர்ஜன் என்பார்கள், அதுதான் பச்சோலியில் நெடுங்காலக் கலப்படம். அதற்கு கேஸ் குரோமட்டோகிராஃப், அதாவது எண்ணெயில் என்னென்ன இருக்கிறது என்று பிரித்துக் காட்டும் இயந்திரம் வேண்டும். இடைநிலைப் பள்ளி வேதியியல் கூடத்தில் முப்பது வருடம் குப்பி கழுவிய எனக்கு அந்த இயந்திரம் கனவில்தான்.

11 மார்ச் 2023, மாலை 5.15

கடுங்காப்பி நிறத்தைப் பற்றிக் கேட்டீர்களே, அதை அன்றே சொல்லியிருக்க வேண்டும்.

2016-ல் நண்பர் ஒருவரோடு இந்தோனேசியாவின் ஆச்சே போயிருந்தேன். அவர் போனது ஜாதிக்காய் பார்க்க. நான் ஒட்டிக்கொண்டது வேடிக்கை பார்க்க. மலையடிவாரத்தில் ஒரு கொட்டகை. அதற்குள் விறகடுப்பின்மேல் ஒரு டிரம், நிஜமாகவே பழைய எண்ணெய் டிரம். அடியில் தண்ணீர், நடுவில் ஓட்டை போட்ட தகடு, அதன்மேல் காய்ந்த இலையும் தண்டும் மிதித்து மிதித்து அடைத்திருந்தது. மூடியிலிருந்து ஓர் இரும்புக்குழாய் பக்கத்துக் குட்டைக்குள் இறங்கி மறுகரையில் வெளியே வந்தது. அதன் வாயில் ஒரு தகர டப்பா. நீராவி இலைக்குள் புகுந்து எண்ணெயைக் கிளப்பிக்கொண்டு வர, குட்டைத் தண்ணீர் குழாயைக் குளிர்விக்க, டப்பாவில் தண்ணீரும் அதன்மேல் எண்ணெயும் சொட்டின. எண்ணெய் நல்ல செம்மண் நிறம்.

நூறு கிலோ காய்ந்த இலைக்கு இரண்டு, மூன்று கிலோ எண்ணெய் தேறும். "இன்று எவ்வளவு வந்தது?" என்று அந்தப் பெரியவரைக் கேட்டேன். இரண்டு கைகளையும் விரித்துக் காட்டினார். கொஞ்சம்தான் என்கிறாரா, கடவுள் கொடுத்தது என்கிறாரா, இன்றுவரை விளங்கவில்லை.

ஆக, அந்த நிறம் டிரம்மின் நிறம். இரும்பு துளியளவு எண்ணெயில் சேர்ந்தாலே கறுத்துவிடும். துருப்பிடிக்காத எஃகுப் பானையில் வடித்தால் இளமஞ்சளாக வரும். வாசனைத் தொழிலில் இரும்பு நீக்கிய பச்சோலி என்றே தனியாக விற்கிறார்கள். கறுப்பாக இருந்தால் மட்டம் என்று இல்லை, வெளுப்பாக இருந்தால் உசத்தி என்றும் இல்லை. வெள்ளைச்சட்டையில் போட்டால் கறை, அவ்வளவுதான்.

இரும்பை எடுக்க எலுமிச்சை உப்பு போதும் என்று எங்கோ படித்த ஞாபகம். சிட்ரிக் அமிலம் இரும்பைக் கவ்விக்கொண்டு தண்ணீருக்குள் இழுத்துவிடும். இன்று மத்தியானம் 30 மில்லி கறுப்பு எண்ணெயை ஒரு காலி ஊறுகாய் பாட்டிலில் ஊற்றி, வெதுவெதுப்பான தண்ணீர் அரை டம்ளர், ஒரு ஸ்பூன் எலுமிச்சை உப்பு போட்டுக் குலுக்கோ குலுக்கு என்று குலுக்கினேன். இப்போது பாட்டிலில் இருப்பது மசாலா டீ. எண்ணெயும் பிரியவில்லை, தண்ணீரும் பிரியவில்லை. வீட்டுக்காரி பாட்டிலைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், ஒன்றும் சொல்லாமல் போய்விட்டாள். இதற்குத் திட்டியிருக்கலாம்.

13 மார்ச் 2023, இரவு 9.05

பிரிந்துவிட்டது. இரண்டு ராத்திரி காத்திருந்து பயனில்லாமல், இன்று காலை கல்லுப்பு இரண்டு கைப்பிடி போட்டேன். பச்சோலியின் அடர்த்தி தண்ணீரைவிடச் சற்றே குறைவு, 0.96 அளவு. அதனால் மேலே போக அதற்கு அவசரமே இல்லை. உப்பு போட்டால் தண்ணீர் கனத்து எண்ணெயை மேலே தள்ளிவிடும். முதல் நாளே தோன்றியிருக்க வேண்டிய விஷயம். அடித்தண்ணீர் மஞ்சள் பச்சையாக நிற்க, மேலே எண்ணெய் தேன் நிறத்தில். வாசனையிலும் அந்த ஆணி வாடை குறைந்திருக்கிறது. 30 மில்லிக்குக் கிடைத்தது 26. மீதி நாலு மில்லி பாட்டில் சுவரிலும் சமையலறைச் சுவரிலும்.

குலுக்காதீர்கள். மெதுவாகச் சுழற்றுங்கள்.

26 மார்ச் 2023, காலை 11.20

பெயர் விஷயத்தில் நான் முதல் நாள் அடித்த தம்பட்டத்தைக் கொஞ்சம் இறக்க வேண்டியிருக்கிறது. ஒருவர் இன்னும் மேலே போய், சங்க இலக்கியத்திலேயே பச்சிலை வருகிறது, தமிழன் இரண்டாயிரம் ஆண்டுக்கு முன்பே பச்சோலி பூசினான் என்று எழுதியிருக்கிறார். எனக்கும் ஆசைதான். ஆனால் குறிஞ்சிப்பாட்டில் வரும் பசும்பிடிக்கு உரையில் பச்சிலை என்று பொருள் சொல்கிறார்களே, அது மரம். பச்சோலி துளசிக் குடும்பத்துச் செடி, நன்றாக வளர்ந்தால் இடுப்பு உயரம். பச்சிலை என்பது நமக்கு எந்த மூலிகைக்கும் பொருந்துகிற சொல். பாட்டி கையில் அரைபடுவது எல்லாம் பச்சிலைதான்.

வணிகத்தில் ஓடும் செடி போகோஸ்டெமன் காப்ளின். பிலிப்பீன்ஸில் இதற்குக் காப்ளிங் என்று பெயர். 1837-ல் பிளாங்கோ என்ற பாதிரியார் அந்த நாட்டுச் செடிகளை எழுதி வைத்தபோது அந்தப் பெயரையே சேர்த்துவிட்டார். தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் இயல்பாக வளர்வது இதன் ஒன்றுவிட்ட தங்கை, போகோஸ்டெமன் ஹெய்னியானஸ். கதிர்ப்பச்சை என்பார்கள். அது கதிர்விட்டுப் பூக்கும், எண்ணெய் குறைவு, வாசனையும் சுமார். காப்ளின் பூப்பதே அபூர்வம், தண்டை ஒடித்து நட்டுத்தான் பெருக்குகிறார்கள்.

ஆக, சொல் நம் வீட்டுப் பிள்ளை, செடி அடுத்த வீட்டுப் பிள்ளை. மலாயில் இது நீலாம். நீலக்கல்லுக்கும் மலாயில் அதே பெயர். கல்லின் பெயர் நம் பக்கத்திலிருந்து வந்தது, செடிக்கு ஏன் அந்தப் பெயரோ போங்கள். இங்கே நிறுத்துகிறேன், இல்லையென்றால் நானும் தம்பட்டம் எடுத்துவிடுவேன்.

2 ஏப்ரல் 2023, இரவு 8.40

நீலாம் என்றதும் எங்கள் ஆயர் ஈத்தாம் அடுக்குமாடியில் கீழ்வீட்டு மக் சிக் (மலாய்க்கார அம்மா) ஞாபகம் வந்து போய்க் கேட்டேன். எழுபது வயது தாண்டியவர். "ஆடா, ஆடா" (இருக்கு, இருக்கு) என்று அலமாரியைத் திறந்து, மடித்து வைத்த சாரோங்குகளுக்கு நடுவிலிருந்து ஒரு துணிப்பொட்டலத்தை எடுத்தார். உள்ளே பொடிப்பொடியாகக் காய்ந்த இலை. பூச்சி அரிக்காமல் இருக்க வைக்கிறாராம், அவர் தாயாரும் வைத்தாராம். பால்கனித் தொட்டியில் செடியும் இருக்கிறது. பச்சை இலையைத் தொட்டால் பஞ்சுபோல இருக்கிறது, வாசனை என்று பெரிதாக ஒன்றும் இல்லை. கசக்கினால் கொஞ்சம். எண்ணெய் இலையின் உள்ளுக்குள் சிக்கிக் கிடப்பதால் வாடிக் காய்ந்து செல்சுவர் உடைந்த பிறகுதான் முழுசாக வெளியே வரும். அந்த டிரம்காரர் காய்ந்த இலையை அடைத்ததும் இதற்காகத்தான்.

இதே பூச்சி வைத்தியம்தான் ஐரோப்பாவுக்குப் போனது. 19-ம் நூற்றாண்டில் காஷ்மீர் சால்வைகளை இந்த இலையோடு சேர்த்துக் கட்டி அனுப்பினார்கள். பிரெஞ்சு நெசவாளர்கள் அதேபோலச் சால்வை நெய்துவிட்டார்கள், விற்கவில்லை. வாங்க வந்தவர்கள் கண்ணை நம்பாமல் மூக்கை நம்பினார்கள். கடைசியில் அவர்களும் இலையை வரவழைத்துப் போலிச் சால்வைக்கு வாசனை ஏற்றினார்கள். கலப்படத்தைப் பற்றிக் கேட்டீர்களே, அதன் தாத்தா இது.

இன்னொன்று. அந்தக் காலத்துத் தாவர நூல்களில் இந்த இலை கிடைக்கிற இடங்களாகப் பினாங்கும் எதிர்க்கரை வெல்லஸ்லி மாகாணமும், அதாவது இன்றைய செபராங் பிறையும், வருகின்றன. பட்டர்வொர்த் ஃபெரியில் எத்தனை ஆயிரம் தடவை போயிருப்பேன், ஒருவரும் சொன்னதில்லை. இன்று உலகச் சந்தைக்கு வருவதில் பெரும்பங்கு இந்தோனேசியாவுடையது. முன்பு ஆச்சேயும் வட சுமத்ராவும், இப்போது சுலாவேசி முந்திவிட்டது. செடி மண்ணை உறிஞ்சிவிடும். சில அறுவடைக்குப் பிறகு நிலம் சோர்ந்துபோய் விவசாயி வேறு இடம் தேடுவான், கூடவே எண்ணெயும் இடம் மாறும்.

மக் சிக் ஒரு தண்டை ஒடித்துக் கொடுத்தார். தண்ணீர்க் கிளாஸில் நிற்கிறது.

20 மே 2023, இரவு 11.30

சென்ட்டுகளில் போடுகிறார்களா என்ற கேள்விக்குப் பதிலே எழுதவில்லை என்று இன்று கவனித்தேன். போடுகிறார்கள், அள்ளிப் போடுகிறார்கள். 1917-ல் கோட்டி வெளியிட்ட ஷீப்ரு என்ற சென்ட் ஒரு குடும்பத்துக்கே பெயர் கொடுத்தது. மேலே எலுமிச்சை இனத்துப் பெர்காமோட், கீழே ஓக் மரத்துப் பாசி, லாப்டனம் பிசின், பச்சோலி. பாசியில் சிலருக்குத் தோல் அரிப்புத் தரும் பொருள்கள் இருப்பதால் இப்போது கட்டுப்பாடு. அது விட்டுப்போன இடத்தை நிரப்பப் பச்சோலியைத்தான் கூட்டுகிறார்கள். 1960-களில் ஹிப்பிகள் இதை அப்படியே கழுத்தில் தடவிக்கொண்டு திரிந்து பெயரைக் கெடுத்தார்கள். 1992-ல் மூக்ளேரின் ஏஞ்சல் என்ற சென்ட் வந்து பஞ்சுமிட்டாய் வாசனையுள்ள எத்தில் மால்ட்டோலையும் பச்சோலியையும் மோதவிட்டது. விமான நிலையக் கடையில் தாளில் அடித்துக் கொடுத்தார்கள். மண்ணில் விழுந்த பஞ்சுமிட்டாய், ஆனால் கீழே வைக்க மனம் வரவில்லை. 2001-ல் ஷனேலின் கோகோ மத்மோசெல். அதில் பச்சோலியைப் பிரித்து, அந்த அலமாரி வாடையை வெட்டி எறிந்துவிட்டு, சுத்தமான பகுதியை மட்டும் போட்டார்கள். உங்கள் மனைவியிடம் அதைக் காட்டிப் பாருங்கள். எலி நினைவு வராது.

பச்சோலிக்கு அங்கே என்ன வேலை? ஒன்று, இழுத்துப் பிடிப்பது. மற்ற பல எண்ணெய்கள் அரை நாளில் ஓடிவிடும், இது தங்கும். இன்னொன்று, பூ வாசனைக்கு ஒரு நிழல் கொடுப்பது. வெறும் மல்லிகையும் ரோஜாவும் கல்யாண மண்டபம் மாதிரி இருக்கும். ரெண்டு சொட்டுப் பச்சோலி விட்டால் அதே மண்டபத்தில் சாயங்காலம் விருந்தாளிகள் போன பிறகு உட்கார்ந்திருக்கிற மாதிரி.

இதை எல்லாம் எழுதுகிற நான் முதல் கலவையில் நூறு சொட்டுக்கு இருபது பச்சோலி விட்டவன். ரோஜா, சந்தனம், எலுமிச்சை எல்லாம் போட்டு, கை நிறையத் தடவிக்கொண்டு கொம்தாரில் பஸ் ஏறினேன். பக்கத்தில் உட்கார்ந்த சீனத்து அம்மா இரண்டு நிறுத்தம் பொறுத்தார். அப்புறம் எழுந்து கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார், காலி இருக்கை இருக்கும்போதே. மூன்று சொட்டில் ஆரம்பியுங்கள்.

21 மே 2023, காலை 7.00

இருபது சொட்டு எப்போதும் தப்பு என்று சொல்லவில்லை. ஏஞ்சல் வகையறாவில் பச்சோலி தாராளமாகவே இருக்கும், ஆனால் எதிரில் நிற்கிற இனிப்பும் அதே அளவு முரடு. என் ரோஜா பாவம், தனியாள்.

9 ஜூலை 2023, மாலை 6.10

நாற்றத்துக்குக் காரணமான வேதிப்பொருள் எது என்று ஒரு மாணவர் கேட்டிருக்கிறார். எண்ணெயில் மூன்றில் ஒரு பங்குக்கு அருகில் இருப்பது பச்சோலால். இந்தோனேசியத் தர அளவில் குறைந்தது 30 விழுக்காடு இருக்க வேண்டும். ஆனால் ஒரு விழுக்காடுகூடத் தேறாத நார்பச்சோலினோல் வாசனையில் போடுகிற ஆட்டம் பெரிது. 2014-ல் ஃபிர்மெனிக் என்ற வாசனைப்பொருள் நிறுவனம் கரும்புச் சர்க்கரையை நொதிக்க வைத்து கிளியர்வுட் என்று ஒன்று கொண்டுவந்தது. பச்சோலியின் மரப்பகுதி இருக்கும், மண் இருக்காது. நான் மோந்ததில்லை.

பச்சோலால் கதை ஒன்று உண்டு. 1960-களின் தொடக்கத்தில் பூஹி என்ற வேதியியலாளர் அதன் மூலக்கூறு வடிவத்தைக் கணித்து, அந்த வடிவத்தை நினைத்தே ஆய்வகத்தில் செய்தும் காட்டினார். கிடைத்தது அசல் பச்சோலால்தான். சரி, நிரூபணம் ஆயிற்று என்று எல்லோரும் எழுந்து போக வேண்டிய நேரத்தில், சூரிச்சில் டுனிட்ஸ் குழு எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தால் வடிவமே வேறு. செடியிலிருந்து எடுத்ததைப் பிரிக்கும்போது எலும்புக்கூடு ஒரு தடவை உள்ளுக்குள் புரண்டிருக்கிறது, ஆய்வகத்தில் கட்டும்போது அதே வழியில் திரும்பவும் புரண்டு அசலாகிவிட்டது. தப்பான வழிகாட்டியைப் பிடித்துக்கொண்டு சரியான வீட்டுக்கதவைத் தட்டியவர் அவர். என் தாள் சோதனைக்கு அந்த அதிர்ஷ்டம் இல்லை.

19 நவம்பர் 2023, இரவு 10.15

கேள்வி கேட்ட கோலாலம்பூர் தம்பியிடமிருந்து தகவல். மார்ச்சில் வெறுத்துப்போய் குப்பியைக் கட்டில் இழுப்பறையில் போட்டுவிட்டாராம். தீபாவளிக்கு வீடு ஒழித்தபோது மனைவி கையில் கிடைத்திருக்கிறது. திறந்து மோந்துவிட்டு, "இது எப்ப வாங்கினீங்க, நல்லாருக்கே" என்றாராம். அதே குப்பி, அதே எலி.

இதை நான் முதல் நாளே சொல்லியிருக்க வேண்டும். பெரும்பாலான எண்ணெய்கள் வைக்க வைக்கக் கெடும், பச்சோலி தேறும். டிரம்மிலிருந்து இறங்கிய புதுசில் பச்சைவாடையும் கூர்மையும் தூக்கலாக இருக்கும், மாதங்கள் போகப் போக அடங்கும். பழுத்த ஓலையைப் பார்த்துக் குருத்தோலை சிரித்ததாம் என்பார்கள். பச்சோலியில் பழுத்த ஓலைதான் சிரிக்கிறது. இதோடு இன்னொரு சங்கதி: எண்ணெயில் இருக்கும் ஆல்ஃபா குவையீன் என்ற வேதிப்பொருள் காற்றுப் பட்டால் ரோட்டண்டோனாக மாறும். மிளகுக்கு மிளகு வாசனை கொடுப்பது அந்த ரோட்டண்டோன்தான். இதைப் படித்த பிறகு என் பழைய குப்பியைத் திறந்தேன், மிளகு வந்தது. படித்ததால் வந்ததா, குப்பியில் இருந்ததா, சத்தியம் செய்ய மாட்டேன்.

கண்ணாடிக் குப்பி, வெயில் படாத இடம். பிளாஸ்டிக் வேண்டாம், உருகிப் பிசுபிசுக்கும்.

20 நவம்பர் 2023, காலை 8.30

நேற்று எழுதியதைப் பார்த்து ஒருவர், குளிர்ப்பெட்டியில் வைத்த தன் பச்சோலி அடியில் உறைந்துவிட்டது, தேங்காயெண்ணெய்தானே என்று கேட்கிறார். அவசரம் வேண்டாம். பச்சோலால் அதிகமுள்ள எண்ணெயில் அதுவே பளிங்காகப் படியும், முன்பு பச்சோலிக் கற்பூரம் என்றே அதற்குப் பெயர். வெளியில் வைத்துப் பாருங்கள். தேங்காயெண்ணெய் என்றால் மலேசியச் சூட்டில் கால் மணி நேரத்தில் உருகி ஓடும். பச்சோலால் சுலபத்தில் உருகாது, குப்பியை வெந்நீரில் நிற்க வைத்தால்தான் கரையும். எத்தனால் சோதனையும் செய்யுங்கள், மார்ச் 5 குறிப்பில் இருக்கிறது. மார்ச் 4 குறிப்பைப் படிக்க வேண்டாம்.

27 ஜனவரி 2024, மாலை 4.45

தைப்பூசம் முடிந்து கால்வலி இன்னும் போகவில்லை. தண்ணீர்மலை முருகன் கோயில் படி வருடத்துக்கு வருடம் கூடுகிறது. போன தைப்பூசத்தன்று தேதி போட்ட தாளை இழுப்பறையில் தேடினேன், காணோம். வீட்டுக்காரியைக் கேட்டால், பட்டுப்புடவை மடிப்புக்குள் வைத்திருக்கிறாள், யாரைக் கேட்டு என்று நானும் கேட்கவில்லை. எடுத்து மோந்தேன். மெலிசாக, ஆனால் இருக்கிறது. அலமாரி வாடை துளியும் இல்லை, அலமாரிக்குள் இருந்தும்.

மக் சிக் கொடுத்த தண்டு இப்போது தொட்டியில் முழங்கால் உயரம். இரண்டு வாரம் முன்பு மொட்டைமாடி வெயிலில் இலை சிவந்து சுருங்குவதைப் பார்த்து நிழலுக்கு நகர்த்தினேன். நேற்று மக் சிக் பார்த்துவிட்டுச் சத்தம் போட்டார். நிழலில் இலை பெரிதாகும், வாசனை குறையுமாம். திரும்பவும் தூக்கி வெயிலில் வைத்திருக்கிறேன். முதல் இலைகளைப் பறித்துச் செய்தித்தாளில் காயப்போட்டது இன்றைக்கு. தாளின் ஓரத்தில் தேதி எழுதியாகிவிட்டது.